கொக்கி ஊசியும் கைவேலையின் விலையும்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எமக்கு இன்று தரப்பட்டிருக்கும் பொருள், குரோஷா ஊசியால் கழுத்துத் துண்டு பின்னுவது எங்ஙனம் என்பதாகும். தலைப்பை அறிவித்தவுடன் அவையில் சிலர் முகத்தில் புன்முறுவல் அரும்பியதைக் கண்டோம். அதற்குக் காரணம் இரண்டு இருத்தல் கூடும். பேச வந்திருப்பவர் ஓர் ஆடவர். அதிலும் பகல் முழுதும் பதிவேட்டில் எண்களை எழுதிக் கொண்டிருக்கும் ரயில்வே எழுத்தர். இஃது ஒன்று. இரவிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழ் இறங்குதல் அரிதாகிய இத்திருவனந்தபுரத்தில் கழுத்துத் துண்டு யாருக்கு வேண்டும் என்பது மற்றொன்று.

இரண்டாம் ஐயத்திற்கு முதலில் விடை கூறுவோம். நம் காலனியில் வடநாட்டில் பணியாற்றும் பிள்ளை இல்லாத வீடு மிகச் சில. குளிரூட்டிய பெட்டியில் இரண்டு இரவு பயணம் செய்து வருவோர் பலர். மார்கழி விடியலில் கோயிலுக்குச் செல்லும் முதியோர் காதை மூடிக்கொள்ளத் துணி தேடுகின்றனர். இருசக்கர வண்டியில் அலுவலகம் செல்லும் பெண்மக்கள் வெயிலுக்கும் புழுதிக்கும் அஞ்சிக் கழுத்தையும் முகத்தையும் மூடிக்கொள்கின்றனர். இவர்களுக்கெல்லாம் ஏற்றது கம்பளி மப்ளர் அன்று. பருத்தி நூலில் பின்னிய இலேசான துண்டு. ஊருக்கு ஏற்ற நூலைத் தெரிந்துகொண்டால், எந்த ஊரிலும் இதற்குப் பயன் உண்டு.

முதல் ஐயத்திற்கு விடை இவ்வுரையின் போக்கிலேயே கிடைக்கும். ஆடவர் இதனைப் பேசலாமா என்பதைவிட, இவ்வேலையைப் பெண்கள் மட்டுமே செய்யும் 'பொழுதுபோக்கு' என்று நாம் ஏன் ஒதுக்கி வைத்தோம் என்பதே பெரிய வினா. அவ்வாறு ஒதுக்கியதால் நேர்ந்த நட்டம் சிறிதன்று.

முதற்கண் சிறிது வரலாறு. குரோஷே என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்பது பொருள். அதுவே நம் வீடுகளில் குரோஷா என வழங்குகிறது. 1845ஆம் ஆண்டு முதல் அயர்லாந்து நாட்டில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பெரும் பஞ்சம் வந்தபோது, கன்னியர் மடங்களும் இரக்கமுள்ள பெண்மணிகளும் ஏழைப் பெண்களுக்கு இப்பின்னலைக் கற்பித்தனர். ஓர் ஊசியும் சிறிது நூலும் இருந்தால் போதும்; தறி வேண்டா, பட்டறை வேண்டா. பசித்த குடும்பங்கள் பல அவ்வருவாயால் உயிர் தப்பின.

ஆயினும் அயர்லாந்து வரை நாம் போக வேண்டுவதில்லை. இங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் நாகர்கோவில் இருக்கிறது. 1979ஆம் ஆண்டு முதல் ரயில் பாதையும் உண்டு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை அவ்வூர் இத்திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட ஆட்சியிலேயே இருந்தது. ஆகவே அவ்வூர்க் கதை நமக்கு அயலார் கதை அன்று.

1819ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் என்னும் ஆங்கிலத் தம்பதியர் இலண்டன் மிஷன் சார்பில் நாகர்கோவிலுக்கு வந்தனர். மார்த்தா அம்மையார் அங்கிருந்த பெண்கள் விடுதிப் பள்ளியில் எழுத்தும் கணக்கும் கற்பித்ததோடு, ரேந்தை பின்னவும் கற்பித்தார். ரேந்தை என்னும் சொல்லைக் கன்னியாகுமரி மாவட்டத்தார் இன்றும் அறிவர். அது போர்ச்சுகீசிய மொழியிலிருந்து நம்மிடம் வந்து தங்கிய சொல். அன்று அங்கே கற்பித்தது குரோஷா அன்று. திண்டு ஒன்றின்மேல் குண்டூசிகளை நட்டு, சிறு மரக்கட்டைகளிற் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும் முறை அது. கொக்கி ஊசிப் பின்னல் அதன் இளைய தங்கையாகப் பின்னர் நம் நாட்டுப் பள்ளிகளிலும் மடங்களிலும் புகுந்தது.

அப்பள்ளியில் பயின்ற சிறுமியர் யாவர்? திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி இருந்த காலம் அது. 1855ஆம் ஆண்டில்தான் அது முழுவதும் ஒழிக்கப்பட்டது. நிலத்தோடு சேர்த்து மனிதரையும் விற்ற அந்நாளில், அடிமைக் குடும்பத்துச் சிறுமியர் சிலர் ரேந்தை பின்னி ஈட்டிய பணத்தைச் சேர்த்து வைத்து, அதனைக் கொடுத்துத் தம் விடுதலையைப் பெற்றனர் என்று மிஷன் வரலாறுகள் பதிவு செய்துள்ளன. நூலிழைகளை எண்ணி எண்ணித் தன் உடலுக்கும் உயிருக்கும் விலை கொடுத்து, தன்னைத் தானே மீட்டுக்கொண்ட சிறுமியை எண்ணிப் பாருங்கள்! பொழுது போகாமல் செய்த வேலையா அது?

அதே நாட்டில், அதே காலத்தில், தோளை மூடித் துணி அணியும் உரிமைக்காகவும் பெண்கள் போராடினர். தோள்சீலைப் போராட்டம் என்று அதனை நாம் படித்திருக்கிறோம். 1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் வெளிவந்த அரச ஆணையே சாணார் குலப் பெண்கள் மேலாடை அணிவதற்கு இசைவு தந்தது. அதுவும் உயர்குலப் பெண்டிரைப் போல அணிதல் ஆகாது என்னும் கட்டோடு. இன்று நாம் கழுத்திலும் தோளிலும் போட்டுக்கொள்ளும் துண்டைப் பற்றிப் பேசும்போது, தோளில் ஒரு துண்டு போடுவதற்கே ஒரு தலைமுறை அடிபட்ட நாட்டின் அருகில் நின்று பேசுகிறோம் என்பதை மறத்தல் கூடாது.

தமிழன்பர்கள் நிறைந்த இவ்வவையில் இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1856ஆம் ஆண்டு திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயரை நாம் அறிவோம். 1844ஆம் ஆண்டு அவர் மணந்த எலிசா அம்மையார், மேற்சொன்ன மால்ட் தம்பதியரின் மகளார் ஆவார். அவ்வம்மையார் இடையன்குடியிலும் பெண்களுக்குக் கல்வியோடு ரேந்தை வேலையைப் பழக்கினார். ஐயரின் நூல் நம் நூலகங்களில் இருக்கிறது. அம்மையார் பழக்கிய கைகளின் வேலையோ துணியாய் உடுத்து, தேய்ந்து, மறைந்து போயிற்று.

இனி வேலைக்கு வருவோம். நூல், ஊசி, கை ஆகிய மூன்றையும் முறையே பார்ப்போம்.

நூலில் மூவகை நமக்குப் போதும். முதலாவது கம்பளி. வெப்பம் காக்கும், இழுத்தால் நீண்டு மீளும், ஆகவே கற்பவர் கை சற்று ஏறுமாறாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். வடக்கே இருக்கும் பிள்ளைக்கு இதுவே தக்கது. ஆயின் நம் ஊரின் ஈரக் காற்றில் நன்கு காயாமற் பெட்டியில் வைத்தால் கெட்டுவிடும், பூச்சியும் அரிக்கும். இரண்டாவது அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. விலை குறைவு, துவைப்பது எளிது, கடைகளில் 'உல்லன் நூல்' என்று விற்பதிற் பெரும்பகுதி இதுவே. வியர்வையை உறிஞ்சாது, சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகிவிடும். கைபழகுவதற்கு ஏற்றது; திருவனந்தபுரத்துக் கழுத்துக்கு ஏற்றதன்று. மூன்றாவது பருத்தி. வியர்வையை ஏற்கும், தோலை உறுத்தாது, பலமுறை துவைக்கலாம். ஆனால் நீண்டு கொடுக்காது; கனமும் சற்று மிகுதி. 1844ஆம் ஆண்டு ஜான் மெர்சர் என்னும் ஆங்கிலேயர், பருத்தியைக் காரத்தில் தோய்த்தால் அதன் வலிமையும் சாயம் ஏற்கும் தன்மையும் கூடுவதைக் கண்டார். அம்முறை பின்னர் வளர்ந்து, பருத்திக்குப் பட்டின் மினுமினுப்பையும் தந்தது. மெர்சரைஸ்டு என்று சீட்டில் அச்சிட்டிருக்கும் நூல் அதுவே.

சாலைக் கடைத்தெருவில் நூல் வாங்கச் செல்வோர் நான்கு செய்திகளை மனத்திற் கொள்ளல் நன்று. ஒன்று: முதல் நூல் வெளிர் நிறமாக இருக்கட்டும், கருப்பிலும் கரு நீலத்திலும் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியா. இரண்டு: வழவழப்பான, முறுக்கு நன்கு ஏறிய நூலாக இருக்கட்டும், பஞ்சுபோல் முடி எழும்பிய நூல் அழகாயிருப்பினும், பிரித்துப் பின்னும்போது சிக்கும். மூன்று: தேவையான நூல் முழுவதையும் ஒரே தடவையில் வாங்குங்கள். ஒரே நிறமாயினும் வெவ்வேறு தடவை சாயமேற்றியது சிறிது வேறுபடும். சாயத் தொகுதி எண் சீட்டில் இருக்கும்; எல்லாக் கண்டுகளிலும் அவ்வெண் ஒன்றாயிருத்தல் வேண்டும். நான்கு: எண்களைக் கண்டு மயங்காதீர்கள். குரோஷா நூலில் எண் ஏற ஏற நூல் மெலியும். 40ஆம் எண் நூல் 20ஆம் எண் நூலினும் மெல்லியது. ஊசியிலோ மில்லிமீட்டர் ஏற ஏற ஊசி பருக்கும். ஒன்று ஏறினால் மெலிவு. மற்றொன்று ஏறினால் பருமன்.

மேசை விரிப்புக்கும் ரேந்தைக்கும் உரிய மெல்லிய பருத்தி நூலைப் பெரும்பாலும் ஆங்கர் என்னும் பெயரில் நாம் வாங்குகிறோம். 1974ஆம் ஆண்டு மதுரை மில்லும் கோட்ஸ் நிறுவனமும் இணைந்து மதுரா கோட்ஸ் ஆன வரலாற்றை, தென்பாண்டி நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் நன்கு அறியும். நம்மில் சிலருடைய பாட்டனார்கள் அவ்வாலைகளில் நூற்றவர்களே.

இனி ஊசி. மெல்லிய நூலுக்கு எஃகு ஊசி. அது 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த அளவுகளிற் கிடைக்கும். 20ஆம் எண் நூலுக்கு 1.25 மில்லிமீட்டர் ஊசி பொருந்தும். கழுத்துத் துண்டுக்கு உரிய பருத்த நூலுக்கு அலுமினியம், மூங்கில், பிளாஸ்டிக் ஊசிகள் உண்டு. 3.5 முதல் 4 மில்லிமீட்டர் வரை உள்ள ஊசி தொடக்கத்திற்கு ஏற்றது. அலுமினியத்தில் நூல் வழுக்கி விரைந்து ஓடும். மூங்கிலில் சற்று நின்று போகும். கை தளர்ந்தவர்க்கு மூங்கிலும், கை இறுகியவர்க்கு அலுமினியமும் உதவும். வாங்கும்போது கொக்கியின் முனையை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் ஒவ்வொரு கண்ணியிலும் அது நூலைக் கிழிக்கும். நடுவே பெருவிரல் அமரத் தட்டையான இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது கை. வலக்கையில் ஊசியைப் பேனா பிடிப்பதுபோலப் பிடிப்பாரும் உளர்; காய் நறுக்கும் கத்திபோலப் பிடிப்பாரும் உளர். இரண்டும் சரியே. இடக்கைதான் உண்மையில் வேலை செய்கிறது. நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரலின்மேல் ஓடவிட வேண்டும். நூல் ஓட வேண்டும். ஆனால் கட்டுப்பாட்டோடு ஓட வேண்டும். இதற்கு ஒரு வாரம் பிடிக்கும். அதுவரை பின்னியதெல்லாம் கோணலாக இருப்பின் வருந்த வேண்டா.

கழுத்துத் துண்டுக்கு இரண்டே கண்ணிகள் போதும். 'செயின்' என்று நம் பெண்கள் வழங்கும் சங்கிலிக் கண்ணி ஒன்று. 'ட்ரெபிள்' என்னும் நெட்டைக் கண்ணி மற்றொன்று. ஊசியில் ஒரு வளையம் இருக்க, நூலைக் கொக்கியில் ஏற்றி அவ்வளையத்தினூடே இழுப்பது சங்கிலி. நெட்டைக் கண்ணிக்கு, முதலில் நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கீழ்க் கண்ணிக்குள் நுழைத்து நூலை இழுத்தால், ஊசியில் மூன்று வளையங்கள் நிற்கும். மீண்டும் நூலை ஏற்றி இரண்டைக் கழிக்க, இரண்டு நிற்கும். மறுபடியும் ஏற்றி அவ்விரண்டையும் கழிக்க, ஒன்று நிற்கும். மூன்று, இரண்டு, ஒன்று என்று மனத்துள் எண்ணிக்கொண்டு செய்தால் தவறாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் அன்னையர் பள்ளிகளிலும் மடங்களிலும் கற்றவை ஆங்கிலேயர் வழங்கிய பெயர்கள். இன்று அச்சில் வரும் மாதிரிகளிற் பல அமெரிக்கர் வழங்கும் பெயர்களைக் கொண்டவை. ஆங்கிலேயர் 'ட்ரெபிள்' என்பதை அமெரிக்கர் 'டபுள்' என்பர். ஆங்கிலேயர் 'டபுள்' என்பதை அமெரிக்கர் 'சிங்கிள்' என்பர். இதனை அறியாது தாயும் மகளும் ஒரே தாளைப் பார்த்துப் பின்னினால் இரண்டு அளவில் இரண்டு துண்டு வரும்; யார் மேலும் பிழை இராது. மாதிரியின் தலைப்பில் எந்நாட்டு வழக்கு என்று பார்த்த பின்னரே தொடங்குக.

தொடங்குமுன் அளவுத் துண்டு ஒன்று பின்னிப் பார்த்தல் இன்றியமையாதது. இதற்கு ஆங்கிலத்தில் கேஜ் என்று பெயர். ரயில்வேக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டுமா? நம் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். மீட்டர் கேஜ் 1000 மில்லிமீட்டர். பாதையின் அளவு தெரியாமல் வண்டியை ஏற்றுவார் உண்டா? அவ்வாறே உங்கள் கையின் அளவு தெரியாமல் துண்டைத் தொடங்குதல் ஆகாது. 10 சென்டிமீட்டர் சதுரத்துக்குச் சற்றுப் பெரிதாகப் பின்னி, நடுவே 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணுங்கள்.

அகலம் 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணியும், உயரம் 10 சென்டிமீட்டருக்கு 9 வரிசையும் வந்தன என்று கொள்வோம். நமக்கு வேண்டிய துண்டு 20 சென்டிமீட்டர் அகலமும் 150 சென்டிமீட்டர் நீளமும் உடையது. அகலத்துக்கு 36 கண்ணி. நீளத்துக்கு 135 வரிசை. நூல் எவ்வளவு வேண்டும்? அளவுத் துண்டிற் சரியாக 10 சென்டிமீட்டர் சதுரம் 5 கிராம் எடை இருக்குமாயின், முழுத் துண்டு அதைப்போல் 30 மடங்கு. ஆகவே 150 கிராம். விளிம்புக்கும் பிசகுக்கும் ஒரு கண்டு மிகுதியாக வாங்கிக்கொள்க.

36 கண்ணிக்கு 38 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து நான்காம் சங்கிலியில் முதல் நெட்டைக் கண்ணியைத் தொடங்க வேண்டும். விட்ட மூன்று சங்கிலியும் சேர்ந்து ஒரு கண்ணியாகக் கணக்கில் நிற்கும். அடிச் சங்கிலி இறுகினால் துண்டின் ஒரு முனை சுருங்கிவிடும். ஆதலின் அதனை மட்டும் ஓர் அளவு பெரிய ஊசியாற் போடலாம். ஒவ்வொரு வரிசை முடிந்தவுடன் திருப்பி, மூன்று சங்கிலி போட்டு, முதற் கண்ணியை விட்டு இரண்டாவதிலிருந்து பின்ன வேண்டும். வரிசையின் இறுதிக் கண்ணி, கீழ் வரிசையின் மூன்று சங்கிலியின் உச்சியில் விழ வேண்டும். புதிதாகக் கற்போர் மறப்பது இவ்விடத்தையே. வரிசைக்கு ஒரு கண்ணி மறைந்தால், நாற்கோணமாகத் தொடங்கிய துண்டு முக்கோணமாக முடியும். இதற்கு மருந்து ஒன்றே: வரிசைதோறும் 36 என்று எண்ணுவது.

பிசகினாலும் அஞ்ச வேண்டுவதில்லை. குரோஷாவில் ஒரு கண்ணி முடிந்தவுடன் ஊசியில் நிற்பது ஒரே ஒரு வளையம். அதனை உருவி நூலை இழுத்தால், பிசகிய இடம் வரை அமைதியாகப் பிரிந்து வரும். நூல் நூலாகவே மீளும். இழப்பது நேரம் மட்டுமே. முடிக்கும்போது 15 சென்டிமீட்டர் நூல் விட்டு வெட்டி, அதனைப் பருத்த தையலூசியால் கண்ணிகளுக்குள் முன்னும் பின்னும் செருகிவிட்டால், எத்தனை முறை துவைத்தாலும் அவிழாது.

இழப்பது நேரம் மட்டுமே என்றோம். அந்த நேரத்துக்கு மதிப்பு என்ன?

36 கண்ணியை 135 வரிசையால் பெருக்குங்கள். 4860 கண்ணி. புதிதாகக் கற்றவர் நிமிடத்துக்கு 6 கண்ணி போடுவார் எனக் கொண்டால் 810 நிமிடம். அஃதாவது பதின்மூன்றரை மணி நேரம். கை தேர்ந்தவர் நிமிடத்துக்கு 15 கண்ணி போட்டாலும் 324 நிமிடம். ஐந்து மணி 24 நிமிடம். நாம் எளிதாகக் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஒரு துண்டில், தேர்ந்த ஒரு பெண்ணின் அரைநாளுக்கு மேற்பட்ட உழைப்பு அடங்கியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நெசவுக்கு விசைத்தறி வந்தது; ஸ்வெட்டர் பின்னவும் இயந்திரம் வந்தது. ஆனால் உண்மையான குரோஷாக் கண்ணியை இடும் வேலை இன்றளவும் மனிதக் கையிடமே இருக்கிறது. அதனைப் போலத் தோன்றும் துணியை இயந்திரம் நெய்யும், அது வேறு. எனவே கடையில் ஒரு குரோஷாத் துண்டு மிக மலிவாகத் தொங்கினால், 'நல்ல விலை' என்று மகிழுமுன், அம்மலிவின் சுமை எந்தக் கையின்மேல் இறங்கியது என்று எண்ண வேண்டும்.

ஆந்திர நாட்டில் கோதாவரிக் கரையில் உள்ள நர்சாபூரும் அதன் சுற்றூர்களும் குரோஷா ரேந்தைக்குப் பெயர் பெற்றவை. அங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பாதிரிமார் குடும்பத்துப் பெண்கள் தொடங்கிய தொழிலே அது. பல்லாயிரம் பெண்கள் பின்னும் துணி வெளிநாடுகளுக்குச் செல்கிறது. மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அவ்வூர்களில் ஆராய்ந்து, 1982ஆம் ஆண்டு அப்பெண்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வீட்டு வேலையும் பார்த்து, நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னிய பெண்களின் நாள் வருவாய் ஒரு ரூபாயைக்கூட எட்டவில்லை என்பது அவர் கண்டது. காரணம் யாது? அவர்களை எவரும் தொழிலாளர் என்று கருதவில்லை. வீட்டில் இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிறார்கள் என்று வணிகரும் சொன்னார்கள்; கணவன்மாரும் சொன்னார்கள்; நாளடைவில் அப்பெண்களும் அவ்வாறே எண்ணினார்கள்.

எம் குடும்பத்திலும் இதற்குச் சான்று உண்டு. நாஞ்சில் நாட்டில் வாழ்ந்த எம் பெரியம்மா ஒருவர் குரோஷாவிற் கை தேர்ந்தவர். வணிகர் ஒருவர் நூலைக் கொடுத்து, மேசை விரிப்புப் பின்னித் தரச் சொல்லி வாங்கிச் செல்வார். ஒரு விரிப்புக்கு மாலை நேரங்கள் நாற்பது செல்லும். கூலியைப் பெரியம்மா ஒருமுறை கூட்டிக் கேட்டபோது, "அம்மா, நீங்கள் பொழுதுபோக்காகச் செய்வதுதானே!" என்றாராம் அவர். பெரியம்மா அவரிடம் நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அப்படியானால் என் பொழுதை நான் எனக்கே வைத்துக்கொள்கிறேன்" என்று கூறி அனுப்பிவிட்டார். அதன்பின் அவர் பின்னியதெல்லாம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே. மருத்துவத்தின் பொருட்டு எம் இல்லத்தில் வந்து தங்கியிருந்த மாதங்களில், அருகில் அமர்ந்து யாமும் எம் பிள்ளைகளும் அவரிடம் இவ்வேலையைக் கற்றோம். ஆடவர் ஒருவர் இதைப் பற்றி இங்கே பேசுவதன் காரணம் இதுவே.

அன்பர்களே! ஒரே வேலை இரண்டு விதமாக முடிந்ததைப் பாருங்கள். நாகர்கோவிலில் அடிமைச் சிறுமி தன் கைவேலையின் பணத்தைத் தன் கையிலேயே பெற்றாள். அது அவளை விடுவித்தது. நர்சாபூரில் நாள் முழுதும் உழைத்த பெண்ணின் வேலைக்குப் 'பொழுதுபோக்கு' என்று பெயரிட்டார்கள். அது அவளை வறுமையிலேயே வைத்தது. ஊசியும் நூலும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நேரத்தைக் கணக்கிட்டார்களா, கூலி யார் கையிற் சேர்ந்தது என்பதில்தான் வேறுபாடு.

ஆதலின் நம் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, ஞாயிறுதோறும் மாலையில் ஒரு மணி நேரம் சங்கக் கூடத்தில் குரோஷா வகுப்பு நடத்துவோம். நம் காலனியில் இதனை அறிந்த மூதாட்டியர் சிலர் உளர், அவர்கள் கற்பிக்கட்டும். பெண்மக்களோடு ஆண்மக்களும் அமரட்டும். 36 வரை தவறாமல் எண்ணவும், பிசகினால் பொறுமையோடு பிரித்து மீண்டும் தொடங்கவும் ஆண்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாவா?

இரண்டாவது, பின்னி முடித்த ஒவ்வொரு துண்டோடும் ஒரு சிறு சீட்டு வைப்போம். நூலின் எடை, நூலின் விலை, சென்ற நேரம் ஆகிய மூன்றையும் அதில் எழுதுவோம். இதற்குப் பெரும் படிப்பு வேண்டா. எம்போன்ற எழுத்தர் எவரும் கற்றுத் தருவர். இச்சீட்டைப் பார்த்தபின், "இதற்கு இவ்வளவு விலையா?" என்னும் கேள்வி தானாகவே அடங்கும்.

மூன்றாவது, விற்பதாயின் நூலின் விலையோடு நேரத்துக்குரிய கூலியும் சேர்த்தே விற்போம். அதற்குக் குறைத்துக் கேட்பார்க்கு விற்க வேண்டா. கொடுப்பதாயின் முழு மனத்தோடு இலவசமாகவே கொடுப்போம். பதின்மூன்று மணி நேரத்தை ஒருவர் கழுத்தில் அன்போடு சுற்றுவது பெரிய கொடை. ஆனால் அக்கொடையின் அளவு கொடுப்பவர்க்கும் பெறுபவர்க்கும் தெரிந்திருத்தல் நல்லது. கொடை என்பது வேறு. பேரம் பேசிப் பறித்துக்கொள்வது வேறு.

அடுத்த ஆண்டு விழாவில் நம் கூடத்துச் சுவரோரம் நம் பிள்ளைகள் பின்னிய துண்டுகள் தம் சீட்டுகளோடு தொங்க வேண்டும் என்பது எமது விருப்பம். முதற் துண்டுகள் கோணலாக இருந்தாலும் குற்றமில்லை. தாய்மார்கள் இன்றே வீட்டில் தேடிப் பாருங்கள். பழைய தையற் பெட்டி எதிலாவது ஒரு கொக்கி ஊசி துருப்பிடித்துக் கிடக்கும். அதனைத் துடைத்து எடுத்துக்கொண்டு வரும் ஞாயிறன்று வந்து சேருங்கள். நூல் வாங்கும் பொறுப்பை யாம் ஏற்கிறோம். ஒரே சாயத் தொகுதியாகப் பார்த்தே வாங்குவோம்.